ஜெருசலேமை நடுவில் வைத்து உலகை வரைந்தவர்களுக்குப் புவியியல் தெரியாதா?

இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்டு பேராலயத்தில் இருக்கும் பழைய உலகப்படத்தின் புகைப்படத்தைப் போட்டு, அடுக்கடுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். உலகம் தட்டை என்று நம்பியதால்தான் இப்படி வட்டமாக வரைந்தார்களா? மேலே கிழக்கு, நடுவில் ஜெருசலேம், ஓரத்தில் விசித்திர மனிதர்கள் என்று இருக்கும் படத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பயணம் போனார்கள்? திருச்சபை தடுத்ததால்தான் புவியியல் வளரவில்லையா? கடைசியாக, கடல் ஏன் பழுப்பாக இருக்கிறது? கடைசிக் கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், மற்ற மூன்றும் ஒரே சந்தேகம்தான்: நடுக்கால ஐரோப்பியருக்கு உலகம் தெரியவில்லையா, இல்லை தெரிந்தும் வேறு எதையோ வரைந்தார்களா? கல்லூரியில் பல வருடம் ஐரோப்பிய நடுக்கால வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். என் இலத்தீன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படிக்கிற அளவுதான். படத்தில் உள்ள எழுத்துகளைப் பொறுத்தவரை, அறிஞர்கள் படித்துப் பதிப்பித்ததை நம்பியே பேசுகிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். படித்த நடுக்கால ஐரோப்பியர் பூமி உருண்டை என்றுதான் சொன்னார்கள். 725-இல் இங்கிலாந்துத் துறவி பீட் காலக்கணக்கு பற்றி எழுதிய நூலில், பூமி கேடயம் போன்ற வட்டம் மட்டும் இல்லை, பந்து போன்ற உருண்டை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் வானியல் ஆசிரியர் சாக்ரோபோஸ்கோ எழுதிய 'கோளம்' பற்றிய சிறு நூல் பல்கலைக்கழகங்களில் பாடப்புத்தகமாகவே இருந்தது. அதே நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தன் பெருநூலின் முதல் கேள்வியிலேயே பூமி உருண்டை என்பதை எல்லாருக்கும் தெரிந்த உதாரணமாக எடுத்துக்கொண்டு போகிறார். அரசர்கள் முடிசூடும்போது கையில் ஏந்திய சிலுவை வைத்த உருண்டையும் இந்த உலகத்தைக் குறிப்பதுதான்.

பிறகு தட்டைக் கதை எங்கிருந்து வந்தது? தட்டை என்று சொன்ன கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், ஆனால் சிலரே. 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த காஸ்மாஸ் என்ற வணிகர் உலகம் ஒரு பெட்டி, வானம் அதன் வளைந்த மூடி என்று கிரேக்கத்தில் ஒரு நூல் எழுதினார். இதே ஆள்தான் மிளகு விளையும் 'மாலே' (மலபார்) கரையைப் பற்றியும், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் வைத்திருந்த கோயிலைப் பற்றியும் குறிப்பு விட்டுச்சென்றவர். அந்த வணிகக் குறிப்புகளுக்காக நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம், அவருடைய பெட்டியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூல் இலத்தீனில் வராததால் மேற்கு ஐரோப்பா அவரைப் படிக்கவே இல்லை. கிரேக்கம் தெரிந்தவர்களோ கேலி செய்தார்கள். 'கொலம்பஸ் வரும்வரை எல்லாரும் தட்டை என்று நம்பினார்கள்' என்ற கதையைப் பரப்பியதில் 1828-இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய கொலம்பஸ் வாழ்க்கை வரலாற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் பிறகு, மதமும் அறிவியலும் காலம்காலமாகச் சண்டை போட்டதாக எழுதிய 19-ஆம் நூற்றாண்டு ஆசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நம் பள்ளிப் பாடங்கள் வரைக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது.

அப்படியானால் வட்டம் எதற்கு? அந்த வட்டம் முழு பூமி இல்லை. உருண்டையில் மனிதர் வாழ்வதாக அறியப்பட்ட பகுதியை மட்டும், அதைச் சுற்றி ஓடும் பெருங்கடலோடு, ஒரு வட்டத்துக்குள் அடைத்தார்கள். முழு உருண்டையைக் காட்டும் இன்னொரு வகைப் படமும் இருந்தது. 5-ஆம் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியஸ் எழுதிய உரை நூலோடு சேர்த்துப் பிரதியெடுக்கப்பட்ட அந்தப் படங்களில் பூமி ஐந்து பட்டைகளாக இருக்கும்: இரு முனைகளிலும் குளிர், நடுவே தாண்ட முடியாத வெப்பம், இரண்டுக்கும் இடையில் வாழத்தக்க இரண்டு பட்டைகள். அவர்கள் உண்மையாகவே மூளையைக் கசக்கியது தெற்குப் பட்டையில் மனிதர் உண்டா என்ற கேள்வியில்தான். இருந்தால், தாண்டவே முடியாத வெப்பத்தைத் தாண்டி ஆதாமின் பிள்ளைகள் அங்கே எப்படிப் போனார்கள்? நற்செய்தி அங்கே எப்படிப் போகும்? பழைய திருச்சபையின் பெரிய இறையியலாளரான புனித அகஸ்டின் இதே காரணத்தால் அங்கே மனிதர் இருப்பதை நம்ப மறுத்தார். பூமியின் வடிவம் பற்றிய வாதத்தைவிட மனிதகுலத்தின் ஒருமை பற்றிய இந்த வாதம்தான் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

அடுத்து பயணம். ஹெர்ஃபோர்டு படம் வரையப்பட்டது சுமார் 1300-இல். கிட்டத்தட்ட அதே காலத்தில், 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரையப்பட்ட 'பீசா வரைபடம்' என்ற மாலுமிப் படம் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. மத்தியதரைக் கடலின் கரைகளை அது எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறது என்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்; இத்தாலியைப் பார்த்த உடனே இத்தாலி என்று சொல்லிவிடலாம். ஹெர்ஃபோர்டு படத்தில் இத்தாலியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கண் வலிக்கும். ஆக, சரியாக வரையத் தெரிந்தவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள், அது வேறு வேலைக்கான வேறு படம். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் வழிப்படம் அச்சிடுகிறோமே, அதில் மண்டபம் ஊரைவிடப் பெரிதாக இருக்கும், சாலைகள் எல்லாம் நேர்கோடாக ஓடும். அதைப் பார்த்து, வரைந்தவனுக்குத் தன் ஊரே தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. அளவு என்ற ஒன்றைப் பற்றி அவர்களுக்கு உணர்வே இல்லை என்றும் சொல்ல முடியாது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ் 1250-ஐ ஒட்டி பிரிட்டனின் படத்தை வரைந்தபோது, பக்கம் இடம் கொடுத்திருந்தால் இந்தத் தீவு இன்னும் நீளமாக இருந்திருக்க வேண்டும் என்று படத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.

சரி, ஹெர்ஃபோர்டு படத்தின் வேலைதான் என்ன? அதற்கு முன் அதன் எலும்புக்கூட்டைச் சொல்லிவிடுகிறேன். 636-இல் இறந்த செவில் நகர ஆயர் இசிதோரின் கலைக்களஞ்சியத்தோடு சேர்ந்து பரவிய எளிய படம் ஒன்று உண்டு. ஒரு வட்டம், உள்ளே 'டி' என்ற ரோமன் எழுத்து, அவ்வளவுதான். எழுத்தின் தண்டு மத்தியதரைக் கடல். மேல்கோட்டின் ஒரு பாதி டான் நதி, மறுபாதி நைல். மேல் அரைவட்டம் ஆசியா, கீழே இடது ஐரோப்பா, வலது ஆப்பிரிக்கா. பல பிரதிகளில் மூன்று கண்டங்களிலும் நோவாவின் மூன்று மகன்களான சேம், யாப்பேத்து, காம் ஆகியோரின் பெயர்களை எழுதியிருப்பார்கள். 1472-இல் ஆக்ஸ்பர்க்கில் இசிதோரின் நூல் அச்சானபோது இந்தப் படமும் அச்சானது. ஐரோப்பாவில் அச்சேறிய முதல் உலகப்படம் அதுதான். இன்று மிஞ்சியிருக்கும் ஏறத்தாழ 1,100 நடுக்கால உலகப்படங்களில் பெரும்பான்மை இப்படிப் புத்தகங்களுக்குள் இருக்கும் சின்னப் படங்கள். ஹெர்ஃபோர்டு படம் போன்றவை அபூர்வம்.

இந்த எலும்புக்கூட்டின் மேல் ஹெர்ஃபோர்டு படம் ஒரே கன்றுத்தோலில், சுமார் 1.59 மீட்டர் உயரம், 1.34 மீட்டர் அகலத்தில் வரையப்பட்டது. ஐந்நூறுக்கு அருகில் சித்திரங்கள், அவற்றில் நானூற்றுக்கும் மேல் ஊர்கள். இதை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். உச்சியில், அதாவது கிழக்குக் கோடியில், ஏதேன் தோட்டம் ஒரு வட்டத் தீவாக இருக்கிறது. ஆதாமும் ஏவாளும் அதிலிருந்து துரத்தப்படுகிறார்கள். கொஞ்சம் இறங்கினால் பாபேல் கோபுரம், நோவாவின் பேழை. எகிப்தில் யோசேப்பின் தானியக் களஞ்சியங்கள்; பிரமிடுகளைத்தான் அப்படி நினைத்துக் களஞ்சியம் போலவே வரைந்துவிட்டார்கள். இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட வழி, செங்கடலைக் கடந்து வளைந்து வளைந்து ஒரு கோடாகப் போகிறது. சாக்கடலுக்குப் பக்கத்தில், பைபிள் கதையில் உப்புத்தூணாகிப்போன லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்து நிற்கிறாள். நடுவில், பல் வைத்த சக்கரம் போன்ற மதிலோடு ஜெருசலேம், அதற்கு மேலே சிலுவையில் இயேசு. அதற்கும் கீழே இறங்கினால் ரோம், பாரிஸ், கடைசியில் மேற்குக் கோடியில் ஹெர்குலிஸ் தூண்கள், அதாவது ஜிப்ரால்டர் நீரிணை.

கவனித்தீர்களா, ஊர்களோடு சேர்ந்து காலமும் கிழக்கிலிருந்து மேற்காக இறங்குகிறது. படைப்பு மேலே, மீட்பு நடுவில், நிகழ்காலம் கீழே. ஆதாமும் பாரிஸும் ஒரே படத்தில் இருப்பது நமக்கு உறுத்துகிறது, ஏனென்றால் ஒரு வரைபடம் ஒரே நாளில் எடுத்த புகைப்படம் மாதிரி இருக்க வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். அவர்களுக்கு ஓர் இடம் என்பது அங்கே நடந்ததையும் சேர்த்துத்தான். 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பாடம் சொன்ன செயின்ட் விக்டர் மடத்து ஹியூ இதை வெளிப்படையாகவே எழுதினார்: உலகத்தின் தொடக்கத்தில் நடந்தவை கிழக்கில் நடந்தன, காலம் முடிவை நெருங்க நெருங்க நிகழ்ச்சிகளின் மையம் மேற்கே நகர்கிறது, மேற்கு எல்லையைத் தொட்டுவிட்டோம் என்றால் முடிவு அருகில். இதைப் படித்துவிட்டு ஹெர்ஃபோர்டு படத்தின் சட்டத்தைப் பாருங்கள். உச்சியில் கிறிஸ்து காயங்களைக் காட்டியபடி கடைசித் தீர்ப்பில் அமர்ந்திருக்கிறார். வட்டத்தைச் சுற்றி நாலு இடத்தில் ஒவ்வொரு பொன்னெழுத்து, நான்கும் சேர்ந்தால் 'மோர்ஸ்', இலத்தீனில் மரணம். உலகம் முழுவதும் அந்தச் சொல்லுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. ஜெர்மனியின் எப்ஸ்டார்ஃப் மடத்தில் இருந்த படம் இன்னும் ஒரு படி மேலே போனது. முப்பது ஆட்டுத்தோல்களைத் தைத்து, ஏறத்தாழ 3.6 மீட்டருக்கு 3.6 மீட்டர். உச்சியில் கிறிஸ்துவின் தலை, இருபுறமும் கைகள், அடியில் பாதங்கள்: உலகமே அவர் உடல். 1943-இல் ஹானோவரில் குண்டு விழுந்து அது எரிந்துபோனது. முன்பே எடுத்து வைத்த படங்களிலிருந்து செய்த பிரதிகள்தான் இப்போது இருக்கின்றன.

ஜெருசலேம் நடுவில் இருப்பது பற்றி ஒரு திருத்தம். நடுக்காலப் படங்கள் எல்லாவற்றிலும் அது நடுவில் என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியில்லை. 'இதுவே எருசலேம், புறஜாதிகளின் நடுவிலே அதை வைத்தேன்' என்ற பொருள்பட எசேக்கியேல் 5:5 சொல்கிறது. அந்த வசனம் எப்போதும் இருந்தது. ஆனால் 11-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலோ-சாக்சன் உலகப்படத்தில் ஜெருசலேம் மையத்தில் இல்லை, அதோடு அந்தப் படம் வட்டமே இல்லை, செவ்வகம். மிகச் சரியாக மையத்தில் வைக்கும் வழக்கம் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில்தான் உறுதிப்படுகிறது. சிலுவைப் போர்க்காரர்கள் 1099-இல் நகரத்தைப் பிடித்தார்கள், 1187-இல் முஸ்லிம் சுல்தான் சலாதீனிடம் இழந்தார்கள், 1291-இல் கடைசிக் கோட்டையான ஏக்கர் நகரமும் போனது. அதாவது நகரம் கையை விட்டுப் போன பிறகுதான் படத்தில் அது கச்சிதமாக நடுவுக்கு வந்து உட்கார்கிறது. இழப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்லும் ஆதாரம் கிடையாது, ஏக்கம் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் ஊகம். எனக்கும் அது பொருந்துவதாகவே படுகிறது.

விசித்திர மனிதர்களுக்கு வருவோம். தலையில்லாமல் மார்பில் முகம் கொண்டவர்கள், ஒற்றைக் காலைக் குடையாகப் பிடித்துப் படுத்திருப்பவர்கள், நாய்த்தலையர்கள் எல்லாம் கிறிஸ்தவக் கற்பனை இல்லை. கிரேக்கர்கள் இந்தியாவைப் பற்றி அளந்த கதைகள் முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி தொகுத்த பெருநூலுக்குள் போய், அங்கிருந்து அதை எடுத்தெழுதிய சொலினஸ் என்ற ரோமானியர் வழியாக இந்தப் படங்களுக்கு வந்தன. (சாணத்தைப் பீய்ச்சி மூன்று ஏக்கர் நிலத்தைப் பொசுக்கும் ஒரு மிருகமும் ஹெர்ஃபோர்டில் இருக்கிறது. மாணவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.) கிறிஸ்தவம் சேர்த்தது ஒரு கேள்வியை. இவர்கள் மனிதர்களா? அகஸ்டின் நிதானமாகப் பதில் சொன்னார்: இப்படிப்பட்டவர்கள் இல்லாமலே இருக்கலாம், இருந்தும் மனிதராக இல்லாமல் போகலாம், ஆனால் பகுத்தறிவும் சாவும் உள்ள மனிதர் என்றால் எந்த உருவில் இருந்தாலும் ஆதாமின் வழிவந்தவர்களே. படத்தின் ஓரத்தில் அவர்களை நிறுத்தியதில் விலக்கலும் உண்டு, அதே வட்டத்துக்குள் அவர்களுக்கும் இடம் கொடுத்ததும் உண்டு.

இந்தியாவும் இலங்கையும் எங்கே என்று நம்மில் யாரும் தேடுவோம். இந்தியா உச்சியில், ஏதேனுக்குக் கீழேயே இருக்கிறது. இலங்கை 'தப்ரோபானே' என்ற பெயரில் ஒரு தீவு. அங்கே ஒரே வருடத்தில் இரண்டு கோடையும் இரண்டு குளிர்காலமும் உண்டு, இருமுறை பூக்கும் என்று இசிதோர் எழுதியிருக்கிறார். இரண்டு பருவமழை காணும் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். பழைய மாலுமிகள் சொன்ன பருவமழைச் செய்தியின் எச்சமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது, ஆனால் இது என் ஊகம் மட்டுமே. ஸ்பெயினின் ஓஸ்மா நகரில் உள்ள 1086-ஆம் ஆண்டுப் படத்தில், அப்போஸ்தலர்கள் போதித்த நாடுகளில் அவரவர் தலையை வரைந்திருக்கிறார்கள். இந்தியாவில் தோமா. அதை உடனே மயிலாப்பூர் என்று படித்துவிட வேண்டாம். அந்தப் படம் வெறும் இந்தியா என்ற அளவோடு நிற்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, பக்தியும் அழகும் மட்டும்தான் என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது. ஹெர்ஃபோர்டு படத்தில் செங்கடலை ஒட்டி, பொற்கன்றுக்கு முன் மண்டியிட்டிருப்பவர்களை யூதர்கள் என்று எழுதி, கன்றின்மேல் 'மஹும்' என்று எழுதியிருக்கிறார்கள். நபிகள் பெயரைத் திரித்த வசைச்சொல் அது. யூதரையும் முஸ்லிமையும் ஒரே விக்கிரகத்தில் கட்டிவிடும் தந்திரம். 1290-இல் முதலாம் எட்வர்ட் யூதர்கள் அனைவரையும் இங்கிலாந்தைவிட்டு வெளியேற்றினான். இந்தப் படம் அந்த வருடங்களுக்கு மிக அருகில் வரையப்பட்டது. உலகத்தை ஒரே கதையாகச் சொல்பவர்கள் அந்தக் கதையில் யார் வில்லன் என்பதையும் எழுதிவிடுகிறார்கள்.

அறிஞர்களே ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. ஹெர்ஃபோர்டு படத்தில் ஹால்டிங்ஹாமின் ரிச்சர்டு என்ற பெயர் இருக்கிறது, தனக்காக மன்றாடும்படி கேட்கிறார். அவர் வரைந்தாரா, வரையச் செய்தாரா என்பதில் தெளிவில்லை. பேராலயத்தில் இருந்த ஆயர் தாமஸ் கான்டிலூப்பின் கல்லறைக்கு வந்த யாத்ரீகர்களுக்காக மாட்டினார்கள் என்பது கவர்ச்சியான கருத்து, முடிந்த முடிவு இல்லை. எப்ஸ்டார்ஃப் படத்தின் காலத்தை 1230-களில் வைப்பவர்களும் உண்டு, 1300 வரை தள்ளுபவர்களும் உண்டு. எல்லாவற்றையும்விட வேடிக்கை, ஹெர்ஃபோர்டில் பொன்னெழுத்தில் எழுதிய ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்ற இரு பெயர்களும் இடம் மாறிக் கிடக்கின்றன. ஆழமான இறையியல் அர்த்தம் கண்டவர்கள் இருக்கிறார்கள். பொன்னெழுத்து எழுதியவருக்குக் கை தவறிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். அவ்வளவு பெரிய எழுத்தை அழித்து எழுதவும் முடியாது.

இனி, திருச்சபை தடுத்ததா என்ற கேள்வி. தடுத்ததற்கு ஆதாரமாக யாரும் ஒரு படத்தைக் காட்டியதை நான் பார்த்ததில்லை. எதிர்ப்பக்கம் காட்ட நிறைய இருக்கிறது. 1321-இல் வெனிஸ்காரர் மரீனோ சனூடோ புதிய சிலுவைப் போருக்கான திட்டத்தைத் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவானிடம் கொடுத்தபோது, கூடவே ஜெனோவாவின் பியேட்ரோ வெஸ்கோன்ட்டே கைவண்ணத்தில் உலகப்படமும் கொடுத்தார். மாலுமிப் படத்தின் கடற்கரைகளையும் பழைய வட்டத்தையும் சேர்த்த படம் அது. 1450-ஐ ஒட்டி வெனிஸுக்கு அருகே மடத்தில் இருந்த ஃப்ரா மவுரோ சுமார் 2 மீட்டர் விட்டத்தில் வரைந்த உலகப்படத்தில் தெற்கு மேலே. ஏதேன் தோட்டம் உலகத்துக்கு வெளியே, மூலையில் ஒரு தனிச் சித்திரமாக ஒதுங்கிவிட்டது. ஜெருசலேம் நடுவிலிருந்து சற்று நகர்ந்துவிட்டது. அதற்கு அவரே படத்தில் விளக்கம் எழுதினார்: வெறும் நிலப்பரப்பைப் பார்க்காமல் மக்கள்தொகையைக் கணக்கில் எடுத்தால் ஜெருசலேம் நடுவில்தான் இருக்கிறது. அளந்து பார்த்த கண்ணும் எசேக்கியேல் படித்த மனமும் ஒரே ஆளிடம் எப்படிச் சமரசம் செய்துகொண்டன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. புதிய படம் வந்ததும் பழைய எண்ணம் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். 1498-இல், மூன்றாம் பயணத்தில், ஓரினோகோ ஆறு கடலில் கொட்டும் நன்னீரைப் பார்த்த கொலம்பஸ், ஏதேன் தோட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று அரசருக்கும் அரசிக்கும் எழுதினார்.

கடல் நிறம்: ஹெர்ஃபோர்டில் கடல்களுக்குப் பூசியது பச்சை. எழுநூறு வருடத்தில் அந்தப் பச்சை பழுப்பாகிவிட்டது, செங்கடலுக்குப் போட்ட சிவப்பு மட்டும் தாக்குப்பிடித்திருக்கிறது. பச்சைக் கடலோடு இணையத்தில் ஒரு படம் கண்ணில் பட்டால் அது கணினியில் நிறம் மீட்ட பிரதி. எழுத்துகளைப் படிக்க அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தோலின் சுருக்கமும் உச்சியில் கன்றின் கழுத்துப் பகுதியின் கூம்பும் தெரிய வேண்டுமென்றால் அசலின் புகைப்படம்தான் வேண்டும்.